கொழுந்தும் விறகும்

தேயிலை என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குக் கொழுந்து நினைவுக்கு வரும், கூடை நினைவுக்கு வரும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எனக்கு விறகும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மலையிலிருந்து வந்திறங்கும் பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். பொதி கட்டிக் கொழும்புக்கு ஏற்றும்போது தேயிலையில் மூன்று வீதம் அளவுக்குத்தான் ஈரம் நிற்க வேண்டும். இடையில் போக வேண்டிய தண்ணீரையெல்லாம் காற்றும் சூடும் சேர்ந்து விரட்ட வேண்டும். மலையகத்தில் அந்தச் சூட்டைக் கொடுப்பது விறகு.

நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அந்த ஒரு கிலோவைக் காயவைக்க ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ விறகு எரியும். இலங்கை ஒரு நல்ல வருடத்தில் 300 மில்லியன் கிலோ தேயிலை செய்கிறது. அத்தனையும் விறகில் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கிலேயே வருடத்துக்கு நாலரை இலட்சம் தொன் விறகு வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பழகச் சேர்ந்து, பிறகு அக்கரப்பத்தனை, தலவாக்கலை என்று மாறி, டீமேக்கராக ஓய்வு பெற்றவன் நான். அப்பா கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்தெடுத்தவர். உயிரி எரிபொருள், தாவரப் பொருளாதாரம் என்று இன்றைக்குக் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். இந்த மலையில் அது நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும் விஷயம். அதற்கு ஆராய்ச்சிப் பணம் ஏன் வேண்டும், அந்தப் பணம் ஏன் இந்த மலையிலேயே செலவாக வேண்டும் என்பதைத் தொழில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அடுப்படி

டிரையரின் பின்பக்கம் அடுப்பு இருக்கும். அதில் எரியும் தீ இரும்புக் குழாய்களைச் சூடாக்கும். காற்று அந்தக் குழாய்களைத் தொட்டுச் சூடேறி டிரையருக்குள் போகும். புகைக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. இரண்டும் கலக்கவே கூடாது. குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால்கூடப் புகை தேயிலையில் ஏறிவிடும். கொழும்பில் புரோக்கர் ஒரு மிடறு சுவைத்ததுமே புகை வாடை என்று எழுதி அனுப்பிவிடுவார். அந்தத் தேயிலைக்கு அதற்குப் பிறகு நல்ல விலை கிடைக்காது.

டிரையருக்குள் நுழையும் காற்று ஏறக்குறைய 95 பாகை செல்சியஸ், வெளியேறும் காற்று 52, 54 பாகை. இருபது நிமிட அளவில் தூள் காய்ந்து வந்துவிட வேண்டும். சூடு இறங்கினால் தூள் காயாமல் வேகும். வெந்த தேயிலையில் உயிர் இருக்காது. சூடு மிஞ்சினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பொதிக்குள் போய்க் கெடும். கொழுந்து நல்ல கொழுந்தாக இருக்கலாம், வாட்டும் அரைப்பும் சரியாக இருக்கலாம். கடைசி இருபது நிமிடம் அடுப்புக்காரர் கையில் இருக்கிறது.

நான் வேலை பழகிய ஸ்டோரில் இருந்த அடுப்புக்காரர் இரண்டு விறகுக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்த கட்டை கணீரென்று கேட்கும், பச்சைக் கட்டை மந்தமாகக் கேட்கும். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை கழன்று வருகிறதா என்று விரலால் தடவுவார். "அய்யா, இது இன்னும் ரெண்டு மாசம் கெடக்கணும்" என்று ஒதுக்கிவிடுவார். பின்னாளில் ஈரமானி வந்தது. அவர் தட்டிச் சொன்னதும் ஈரமானி காட்டியதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அவர் அளவுக்குப் பழகிய ஆள் எல்லா ஸ்டோரிலும் கிடைக்க மாட்டார். ஒருவரின் கைப்பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவான அளவாக மாற்றிக் கொடுப்பதுதான் ஆராய்ச்சியின் வேலை என்று அப்போதே எனக்குப் பட்டது.

புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் போட்டால் கிலோவுக்கு எட்டு மெகாஜூல் அளவே வெப்பம் கிடைக்கும். கூரைக்குக் கீழ், காற்று ஓட அடுக்கி, ஈரத்தை 20 வீதத்துக்குக் கொண்டுவந்தால் எடைக்கு எடை பதினான்கு மெகாஜூல் கிடைக்கும். பச்சை விறகு தன் தண்ணீரை ஆவியாக்கவே தன் சூட்டைச் செலவழிக்கிறது. அதோடு தீ தணிந்து கரி படியும். குழாய்க்குள் கரி படிந்தால் சூடு காற்றுக்கு ஏறாது. அடுப்புக்காரர் இன்னும் கூட விறகு போடுவார். வாங்கும் முறையும் இதற்குத் துணைபோகிறது. கனமீட்டர் கணக்கில் வாங்கினால் அடுக்கில் இருக்கும் சந்துக்கும் காசு கொடுக்கிறோம். எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். காய்ந்த எடைக்கு விலை வைப்பதே நியாயமான முறை. அதற்கு ஒரு தராசும் ஓர் ஈரமானியும் போதும்.

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹட்டன், டிக்கோயாப் பக்கம் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. அந்த மழைக்கு முன்பே விறகு கொட்டகைக்குள் போயிருக்க வேண்டும். பெரிய கொட்டகை கட்டிய ஸ்டோர் அந்த மாதங்களில் தலைநிமிர்ந்து நிற்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய எரிபொருள் தேடும் ஆராய்ச்சிக்கு முன்னால், இருக்கும் விறகை முழுதாகப் பயன்படுத்தும் ஆராய்ச்சி வர வேண்டும். அதற்குச் செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

விறகு வந்த வழி

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடழித்த காலத்தில் விறகுக்குக் குறைவில்லை. காடு ஒடுங்கியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஆஸ்திரேலிய மரமான யூகலிப்டஸ் மலைக்கு வந்தது. எங்கள் ஆட்கள் டர்பன்டைன் மரம் என்பார்கள். தேயிலைக்கு நிழலாக வந்த கிரவிலியாவும் கிளை வெட்டும்போது விறகு கொடுத்தது. எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பல ஸ்டோர்கள் எண்ணெய் அடுப்புக்கு மாறின. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது விறகுக்கே திரும்பி வந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு வந்த விறகில் பெரும்பங்கு இறப்பர் கட்டை. கேகாலை, இரத்தினபுரி, அவிசாவளைப் பக்கங்களில் பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடுகை செய்வார்கள். அந்தக் கட்டை லொறியேறி மலைக்கு வரும். அப்போது அதற்கு வேறு போட்டி அதிகம் இல்லை. பிறகு இறப்பர் மரத்தில் தளபாடம் செய்தார்கள், நார்ப்பலகை செய்தார்கள். 2000க்குப் பிறகு உலை எண்ணெய் விலை ஏறவும் கீழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் கொதிகலன்களும் விறகுக்கு மாறின. அவர்கள் மரத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள், கூடுதல் விலை கொடுத்தார்கள். நாங்கள் மலைக்கு மேலே காத்திருந்தோம்.

இதன் முழு அர்த்தமும் 2022இல் விளங்கியது. நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற வருடம். எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. கீழ்நாட்டில் விறகு இருந்தது, ஏற்றிவர டீசல் இல்லை. கித்துல்கல தாண்டி, கினிகத்தேனை ஏற்றம் ஏறி வர வேண்டிய லொறிகள் கீழே நின்றன. மின்வெட்டு வேறு. கொழுந்து வாடிக் கிடக்க, அடுப்பில் போட என்ன இருக்கிறது என்று தோட்டத்து ஓரங்களைப் பார்த்து நடந்தோம். காற்றில் சாய்ந்த மரம், வெட்டிப்போட்ட நிழல்மரக் கிளை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தோம். தன் மலையில் வளராத விறகு, நெருக்கடியில் தனக்கு உதவாது. அந்த வருடம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

செஸ் வரியும் சென் கூம்ஸும்

ஆராய்ச்சிக்குப் பணம் எப்படித் திரட்டுவது என்பதற்கு உலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. முன்மாதிரி தலவாக்கலையிலேயே இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் சட்டப்படி அமைந்தது. முதலில் நுவரெலியாவில் இயங்கி, பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மேல் விதித்த செஸ் வரியிலிருந்து அதன் செலவு நடந்தது. கப்பலேறிய ஒவ்வொரு பொதியும் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு பங்கு கொடுத்தது. கொழுந்தெடுத்த கைகளிலிருந்துதான் அந்தப் பங்கு பிறந்தது என்பதை மலையகத்தார் உரிமையோடு சொல்லலாம்.

அந்தப் பணம் வீண்போகவில்லை. இலைகளைப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு தேயிலை மலைகளை அரித்த காலத்தில், 1935–36இல், ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு கட்டுக்குள் வந்தது. பூச்சியைப் பூச்சியால் அடக்கியதற்கு உலகம் எடுத்துக்காட்டும் வெற்றிகளில் அது ஒன்று. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் இறங்கியபோதும் எதிர்நின்றது அதே நிறுவகம். பின்னால் நிறுவகம் உருவாக்கிய டிஆர்ஐ 2025 போன்ற, வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் இனங்கள் வந்து மலைகளின் விளைச்சலையே மாற்றின. மத்திய மலைக்கு ஹந்தானை, ஊவாவுக்குப் பசறை, கீழ்நாட்டுக்கு இரத்தினபுரி என்று அந்தந்த மண்ணுக்குக் கிளை நிலையங்களும் அமைத்தார்கள்.

இந்த வெற்றிக்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன். பணம் வருடா வருடம் தடையில்லாமல் வந்தது. பயிர் நிற்கும் உயரத்திலேயே ஆராய்ச்சி நடந்தது. முடிவுகள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. விறகு மரம் பற்றியும் நிறுவகம் ஆலோசனை கொடுத்திருக்கிறது. ஆனாலும் தேயிலைச் செடிக்குக் கிடைத்த நூறு வருடக் கவனம், அந்தத் தேயிலையைக் காயவைக்கும் மரத்துக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வருடத் திட்டம், பத்து வருட மரம்

விறகு மரம் என்றால் இலங்கையில் முதலில் சொல்லப்படும் பெயர் கிளிரிசீடியா. கிளிசரியா என்று பேச்சில் வழங்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். தடியை வெட்டி நட்டாலே வேர்விடும். காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி, தேயிலைக்கும் தென்னைக்கும் பசளை. மிளகுக் கொடி ஏறத் தூண். கிளையை வருடந்தோறும் வெட்டலாம். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. விறகிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு மெகாவாட் ஆலையொன்று எங்கள் மாவட்டத்து வலப்பனையிலேயே அமைந்தது. அந்த அளவு ஆலை இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு முப்பது தொன் அளவு விறகு வேண்டும். அதற்குச் சுற்றிலும் எவ்வளவு மரம் நிற்க வேண்டும் என்று வாசகர் நினைத்துப் பார்க்கலாம். பிறகு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து, உலகச் சூழல் நிதியின் உதவியோடு, நிலைத்த முறையில் விறகு வளர்க்கும் திட்டமொன்றை இலங்கையில் நடத்தின. இவை எல்லாம் நல்ல முயற்சிகள்.

ஆனால் கிளிரிசீடியா சூடு விரும்பும் மரம். உயரம் ஏற ஏற அதன் வளர்ச்சி குன்றும். சென் கூம்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில். நாவலப்பிட்டியில் வேலியோரம் செழிக்கும் தடி அக்கரப்பத்தனையில் அப்படிச் செழிக்காது. நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இதை நேரில் கண்டேன். ஒரு திட்டத்தின் கீழ் ஓடைக்கு மேலிருந்த துண்டு நிலத்தில் கிளிரிசீடியாவும் கலியாண்ட்ரா என்ற இன்னொரு விறகு மரமும் பக்கத்துப் பக்கத்தில் நட்டார்கள். தை மாதப் பனியில் கிளிரிசீடியாத் தளிர் கருகியது. பல தடிகள் வேர்விடாமலே அழுகின. கலியாண்ட்ரா பிடித்துக்கொண்டது. சிவப்புப் பூ பூத்தது, தேனீ வந்தது. இடுப்பளவில் வெட்டினோம், வெட்டிய இடத்திலிருந்து பல கிளையாகத் தளிர்த்தது.

மூன்றாம் வருடத்தோடு திட்டம் முடிந்தது. அளவுநாடாவும் பதிவேடுமாக வந்தவர்கள் அதன் பிறகு வரவில்லை. மரம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு வெட்டுக்கு எத்தனை கிலோ வந்தது, எத்தனையாவது வெட்டில் விளைச்சல் இறங்கியது, வரண்ட வருடத்தில் எத்தனை மரம் பட்டுப்போனது என்று எழுதிவைக்க ஆளில்லை. தோட்ட நிர்வாகம் மாறியதும் அந்த நிலம் வேறு தேவைக்குப் போயிற்று. ஒரு மரத்தைப் பற்றி ஒரு மலைக்குத் தெரிந்திருக்க வேண்டியது அதோடு அழிந்துபோனது. யூகலிப்டஸ் வெட்டுக்கு வர எட்டுப் பத்து வருடமாகும். மூன்று வருடப் பணத்தை வைத்துக்கொண்டு அதைப் பற்றி யாரும் முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அந்தத் துண்டு நிலம் காட்டியது. கலியாண்ட்ரா கொடுத்தது கட்டைவிரல் பருமனிலும் மணிக்கட்டுப் பருமனிலும் சுள்ளி. எங்கள் அடுப்பு பிளந்த கட்டைக்காகக் கட்டியது. சுள்ளியைப் போட்டால் பக்கென்று பற்றி டிரையர் வெப்பமானி மேலே ஓடும், சற்று நேரத்தில் கீழே இறங்கும். அடுப்புக்காரருக்கு நிமிர நேரமிருக்காது. சுள்ளியைச் சீராக நறுக்க ஒரு மெசின் வேண்டும், நறுக்கியதை அளந்து உள்ளே தள்ள ஒரு பொறி வேண்டும், அடுப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மரத்தை ஆராய்ந்தவர்கள் அடுப்படிக்கு வரவில்லை. அடுப்புக் கட்டுகிறவர்கள் மரம் நட்ட நிலத்துக்குப் போகவில்லை. மரமும் அடுப்பும் ஒரே ஆராய்ச்சிக்குள் வராதவரை இரண்டிலும் போட்ட பணம் பாதிப் பலனே தரும்.

ஜாவாவின் அனுபவம் இங்கே கவனிக்கத் தக்கது. கலியாண்ட்ரா அங்கே 1936இல் போய்ச் சேர்ந்தது. எழுபதுகளில் வனத்துறை அதை விறகுக்காகக் கிராமத்தாரோடு சேர்ந்து நடத் தொடங்கியது. மரம் வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்துத்தான் அது மக்களின் விறகானது. கென்யாவில் சிறுதோட்டக்காரர்களின் தேயிலைத் தொழிற்சாலைகள் தங்களுக்கென்றே யூகலிப்டஸ் தோப்புகளை வளர்க்கின்றன. இந்தியாவின் காட்டாமணக்கோ எதிர்ப்பக்கத்துப் பாடம். 2003 வாக்கில் உயிரி டீசலுக்காக இலட்சக்கணக்கான ஹெக்டேயரில் அதை நடத் திட்டமிட்டார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளும் நம்பி நட்டார்கள். எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீரில், எத்தனை கிலோ விதை வரும் என்ற அடிப்படைக் கணக்கு தெரிவதற்கு முன்பே நடுகை நடந்துவிட்டது. சொன்ன விளைச்சல் வரவில்லை, பலர் செடியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தந்த வட்டாரத்தில் பரீட்சித்துப் பார்க்காமல் பரப்பிய பயிரின் நட்டம் முழுவதும் விவசாயி தலையில் விழுந்தது.

ஆராய்ச்சியின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வருடத்துக்கு ஐந்து இலட்சம் கிலோ தேயிலை செய்யும் ஸ்டோருக்கு ஆயிரம் தொன் விறகு வேண்டும் என்று வைப்போம். எங்கள் உயரத்தில் ஒரு ஹெக்டேயர் விறகு மரம் வருடத்துக்குப் பத்துத் தொன் தந்தால் நூறு ஹெக்டேயர் நட வேண்டும். இருபது தொன் தந்தால் ஐம்பது போதும். அந்த ஒரு எண்ணைச் சரியாகச் சொல்ல முடிந்தால் ஐம்பது ஹெக்டேயர் நிலத்தின் கதி தீர்மானமாகிறது. எந்தத் தோட்ட நிர்வாகமும் கேட்க வேண்டிய முதல் எண் அது. நம்பி எடுத்துக் கொடுக்க அந்தந்த உயரத்துக்கான பதிவு எங்கள் கையில் இருக்கவில்லை.

லயத்து அடுப்பு

ஸ்டோர் அடுப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோக என்னால் முடியாது. மலையில் எரியும் விறகில் இன்னொரு பெரும்பங்கு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எரிகிறது. மேல்மலையில் தேயிலையை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய மலையில் மிலாறு, அதாவது வெட்டுண்ட கிளைகள், குவிந்து கிடக்கும். அதை மலையிலேயே பரப்பி மக்கவிட்டால் மண் கரையாது, செடிக்குச் சத்து திரும்பும். ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். அதே மிலாறு லயத்துக் குடும்பத்துக்கு அடுத்த மழைக்காலத்தின் சோறு. என் அம்மா பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை வைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்ப மலைக்கு ஏறுவார். பத்துப் பன்னிரண்டடி நீள அறைக்குள் புகை நிறையச் சமைப்பார். இன்றைக்கும் விறகு பொறுக்கப் போகும் பெண்கள் குளவிக்கொட்டுக்கும் சிறுத்தைக்கும் பயந்தே போகிறார்கள். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது சிலிண்டருக்கு மாறியிருந்த வீடுகளும் கயிற்றைத் தேடின.

மண்ணுக்கும் மிலாறு வேண்டும், அடுப்புக்கும் வேண்டும். லயங்களுக்குப் பக்கத்தில் குடும்ப விறகுக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கி, அடிக்கடி வெட்டும் மரத்தை நட்டால் கவ்வாத்து மலை மிலாறை மண்ணே வைத்துக்கொள்ளும். அடுப்பு விஷயத்தில் இலங்கைக்கு நல்ல அனுபவம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. எண்பதுகளில் உருவான அனகி என்ற இரட்டைச் சட்டி மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும், புகையைக் குறைக்கும். குயவர்களுக்கு அச்சும் பயிற்சியும் கொடுத்து நாடு முழுக்கப் பரப்பினார்கள். சிறு பணம், தொடர்ந்த வேலை, பயன்படுத்தும் பெண்களிடமே கேட்டுத் திருத்திய வடிவம். வட்டார ஆராய்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மரம் எதுவானாலும் எங்கே நடுவது என்பதும் ஆராய்ச்சிக்குரியதே. லயத்துக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்துக்கு வளரும் யூகலிப்டஸைத் தொழிலாளி விறகாகப் பார்ப்பதில்லை. ஆடி மாதக் காற்றில் கூரையில் விழும் ஆபத்தாகப் பார்க்கிறான். ஊற்றுக்குப் பக்கத்தில் நட்டால் தண்ணீர் குறைகிறதா என்று கேட்கிறான். அந்தக் கேள்விகளுக்கு அளந்து பார்த்துச் சொல்லும் பதில் வேண்டும்.

என்ன வேண்டும்

மூளையும் நிறுவனங்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. கண்டியில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. வனத் திணைக்களமும், 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் தன் சிறு பணத்தில் தன் தன் மூலையில் வேலை செய்கிறது. இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வட்டார நிதி ஒன்று மத்திய மலைநாட்டுக்கு வேண்டும். தேயிலைச் செஸ் வரியிலிருந்து ஒரு சிறு பங்கு, விறகு எரித்து இலாபம் காணும் பெருந்தோட்டக் கம்பனிகளிடமிருந்து ஒரு பங்கு, அரசின் ஆராய்ச்சி ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பங்கு என்று அதைத் தொடங்கலாம்.

அந்த நிதிக்கு நான் வைக்கும் நிபந்தனைகள் சில. பணம் குறைந்தது பத்து வருடத்துக்கு உறுதியாக வேண்டும், ஏனென்றால் மரத்தின் காலம் அதுதான். நாவலப்பிட்டி உயரத்தில் ஒன்று, ஹட்டன் உயரத்தில் ஒன்று, நுவரெலியா உயரத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் ஒரே மரங்களை நட்டு ஒரே முறையில் அளக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தோடும் ஓடும் ஸ்டோர் ஒன்றைச் சேர்த்து, வெட்டிய மரம் காய்ந்து, நறுக்கி, எரிந்து, தேயிலையாகிக் கொழும்பு ஏலத்தில் என்ன விலை பெற்றது என்பதுவரை எழுத வேண்டும். லயத்து அடுப்புக்கும் அதே நிதியில் இடம் வேண்டும். அளவெடுப்பதற்கும் பதிவதற்கும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டுக் கொழும்பில் கடைவேலை தேடும் பிள்ளைகள் எங்கள் லயங்களில் நிறைய இருக்கிறார்கள். கடைசியாக, முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகி அடுப்படிவரைக்கும் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி அலுமாரியில் பூட்டிய அறிக்கை அடுப்புக்காரருக்கு உதவாது.

இதை அதிகாரிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு ஸ்டோரில் இருக்கும் டீமேக்கர்களுக்கும் சொல்கிறேன். நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஒவ்வொரு லொறி விறகின் மர வகை, எடை, ஈரம், அன்றைக்குக் காய்ந்த தேயிலைக் கிலோ ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் உங்கள் ஸ்டோர் ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு எரிக்கிறது என்பது தெரியும். பத்து ஸ்டோர் எழுதினால் மலைநாட்டுக்கே ஒரு கணக்கு கிடைக்கும். பணம் கேட்டுப் போகிறவன் கையில் கணக்கு இருக்க வேண்டும். தேயிலைச் செடிக்கு நம் மண் நூறு வருடம் ஆராய்ச்சி செய்து கொடுத்தது. அதைக் காயவைக்கும் மரத்துக்கு அந்த வேலை இனியாவது தொடங்கட்டும்.